மார்பக இம்பிளான்ட் வைக்கப் போகிறவர்கள் அட்வான்ஸ் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்: பெங்களூரில் நான் ஏமாந்த கதை

நான் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். 800 ரூபாய் ஸ்டேஷனரி பில் வந்தால்கூட ஜிஎஸ்டி எண் சரியா என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். அப்படிப்பட்டவள் 2019 நவம்பரில் 1,65,000 ரூபாயை பில் இல்லாமல் கொடுத்துவிட்டு, என் நெஞ்சுக்குள் என்ன வைத்தார்கள் என்றே தெரியாமல் நாலு வருஷத்துக்கு மேல் நடமாடியிருக்கிறேன்.

ஏன் செய்துகொண்டாய் என்ற பஞ்சாயத்து இங்கே வேண்டாம். இரண்டு பிள்ளைகளுக்குப் பால் கொடுத்து முடித்தபின் கண்ணாடியில் பார்த்தது எனக்குப் பிடிக்கவில்லை. சம்பாதித்த பணம் இருந்தது. வீட்டுக்காரரும் "உன் இஷ்டம்" என்றார். அவ்வளவுதான்.

கிளினிக் இந்திராநகரில், ஒரு ஃபர்னிச்சர் கடைக்கு மேல் மாடியில். டாக்டர் பேசியது மொத்தம் பத்து நிமிஷம். மற்றதெல்லாம் பேசியது கவுன்சலர். ஓசூர்ப் பெண், நல்ல தமிழ். ஸ்ரீராமபுரத்தில் வளர்ந்த எனக்கு இந்த ஊரில் தமிழ் ஒன்றும் அதிசயமில்லை. ஆனாலும் இந்த மாதிரி விஷயத்தை வேறு பாஷையில் பேசக் கூசுகிற மனசுக்கு, "அக்கா" என்று ஒரு குரல் கேட்டதும் பாதி பயம் போய்விட்டது. அந்தப் பாதி பயத்தை நான் வைத்திருந்திருக்க வேண்டும்.

"லைஃப்டைம் கேரண்டிக்கா. உங்க பொண்ணு கல்யாணத்துக்கும் இப்படியே இருப்பீங்க" என்றாள். இது முதல் பொய். இம்பிளான்ட் ஆயுளுக்கும் இருக்கும் பொருள் அல்ல என்று, மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ வெளிப்படையாகவே சொல்கிறது. அழகுக்காக வைத்துக்கொண்டவர்களில் ஐந்தில் ஒருவர் வரை 8 முதல் 10 ஆண்டுக்குள் அதை எடுக்க வேண்டியிருக்கிறது என்பதும் அவர்கள் சொன்னதுதான். சில நிறுவனங்கள் உடைந்தால் மாற்றுப் பொருள் தருவதாக உத்தரவாதம் கொடுப்பது உண்டு. அதைத்தான் உடம்புக்கே கேரண்டி போல மாற்றிப் பேசுகிறார்கள்.

இரண்டாவது, பில். "பில் போட்டா 18 பர்சன்ட் ஜிஎஸ்டி சேரும்க்கா. கேஷா குடுத்தா அது மிச்சம்." இதில் பொய்யே இல்லை, அதனால்தான் விழுந்தேன். மருத்துவச் சேவைக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஆனால் அழகுக்காகச் செய்யும் அறுவைக்கு உண்டு. பிறவிக் குறை, விபத்து, காயம் போன்றவற்றைச் சரிசெய்வதற்குத்தான் விலக்கு. மனசுக்குள் கணக்குப் போட்டேன்: 29,700 ரூபாய் மிச்சம். மூன்று நாளாக ஏடிஎம்மில் எடுத்துச் சேர்த்துக் கட்டினேன். அட்வான்ஸ் 10,000 மட்டும் யுபிஐயில் போனது. அந்த ஒரு வரிதான் இன்றைக்கு என் கையில் இருக்கும் ஆதாரம்.

அறுவையன்று காலை, கவுன் மாட்டிப் படுக்கையில் உட்கார்ந்தபின் நாலு பக்க ஒப்புதல் படிவம் வந்தது. முழுக்க ஆங்கிலம். எனக்கு ஆங்கிலம் தெரியும். அந்த நேரத்தில் எந்த பாஷையும் மண்டையில் ஏறாது. ஆபத்து, மாற்று வழி, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று புரியும்படி சொல்லி வாங்குவதுதான் ஒப்புதல் என்று உச்ச நீதிமன்றம் 2008லேயே சமீரா கோலி வழக்கில் சொல்லியிருக்கிறது. எனக்கு நர்ஸ் சொன்னது, "இங்க, இங்க, அப்புறம் இங்க". மயக்க ஊசி போடும் முன் மாஸ்க்குக்கு மேலே தெரிந்த கண்கள், முன்பு என்னிடம் பேசிய டாக்டருடையவை அல்ல. யாரோ விசிட்டிங் சர்ஜன். டிஸ்சார்ஜ் சம்மரியில் அவர் பெயர் இல்லை, ஒரு கிறுக்கல்தான்.

அந்தத் தாளில் இம்பிளான்ட் பற்றி இருந்தது ஒரே வரி: சிலிகான், வழவழப்பான மேற்பரப்பு, 275 சிசி. நிறுவனத்தின் பெயர், லாட் எண் (எந்தத் தொகுப்பில் தயாரானது என்பதற்கான எண்), சீரியல் எண் எதுவும் இல்லை. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் இந்த எண்கள் அச்சிட்ட ஸ்டிக்கர்கள் இருக்கும். ஒன்று கேஸ் ஷீட்டுக்கு, அதாவது மருத்துவமனை வைத்திருக்கும் சிகிச்சைப் பதிவுக்கு, ஒன்று நோயாளியின் அட்டைக்கு. எனக்கு அட்டை வரவில்லை. கேட்டபோது "கொரியர்ல வரும்க்கா" என்றாள். அப்புறம் கொரோனா வந்தது. அட்டை வரவில்லை.

2024 மார்ச்சில் இடது பக்கம் கல் மாதிரி ஆனது. உடம்பு எந்த அன்னியப் பொருளைச் சுற்றியும் ஒரு சவ்வு கட்டும். அது இறுகி நெரிப்பதைத்தான் கேப்சுலர் கான்ட்ராக்சர் என்கிறார்கள். நாலு நிலை உண்டு, எனக்கு நாலாவது: பார்த்தாலே கோணல், தொட்டால் வலி. இரண்டு வாரத்தில் அதே பக்கம் வீங்கவும் ஆரம்பித்தது. ராஜாஜிநகரில் ஸ்கேன் எடுக்கப் போனேன். அங்கிருந்த டாக்டர் அம்மா, நீர் கோத்திருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "எந்த கம்பெனி? ஸ்மூத்தா, டெக்ஸ்சர்டா? கார்டு கொண்டு வந்தீங்களா?"

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்து என்ன சொல்ல?

அவர் ஏன் அதைக் கேட்டார் என்பதை அன்று இரவு படித்துத் தெரிந்துகொண்டேன். டெக்ஸ்சர்ட் என்கிற சொரசொரப்பான மேற்பரப்புள்ள இம்பிளான்ட்டைச் சுற்றியுள்ள சவ்விலும் நீரிலும் அரிதாக ஒரு வகை லிம்ஃபோமா வருகிறது. அது மார்பகப் புற்றுநோய் அல்ல, நோய் எதிர்ப்புச் செல்களின் புற்று. பெரும்பாலும் வைத்துப் பல வருஷம் கழித்து, திடீர் வீக்கமாகத் தலைகாட்டும். 2019 ஜூலையில் எஃப்டிஏ சொன்ன உலகக் கணக்கு 573 பேர், அதில் 33 மரணம். அந்த மாதமே அலர்கன் நிறுவனம் பயோசெல் என்ற தன் சொரசொரப்பு வகை இம்பிளான்ட்டுகளை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. நான் கட்டிலில் ஏறியது அதற்கு நாலு மாதம் கழித்து. டெக்ஸ்சர்ட் என்ற வார்த்தையை அந்தக் கிளினிக்கில் ஒருவரும் உச்சரிக்கவில்லை.

லட்சக்கணக்கானோர் வைத்துக்கொண்டதில் மிகச் சிலருக்கு வந்த நோய் இது. பயமுறுத்த எழுதவில்லை. ஆனால் அந்தச் சிலரில் நீங்கள் இருக்கிறீர்களா என்று பார்க்க, உள்ளே இருப்பது எது என்று தெரிய வேண்டும். 2010இல் பிரான்சில் பிஐபி என்ற நிறுவனம் மருத்துவத் தரமில்லாத, தொழிற்சாலைக்கான சிலிகானை நிரப்பி விற்றது வெளியே வந்தபோதும் இதே கதைதான். சுமார் 3 லட்சம் பெண்கள் அதை வைத்திருந்தார்கள். முதலாளி 2013இல் சிறைத் தண்டனை பெற்றார். அட்டை இருந்தவர்கள் அன்றே எண்ணைச் சரிபார்த்தார்கள். இல்லாதவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரியும்.

கோத்திருந்த நீரை ஊசியில் எடுத்து, அந்த லிம்ஃபோமா இருக்கிறதா என்று பார்க்கும் சிடி30 என்ற சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் ஆபீஸில் மாத முடிவுக் கணக்கை முடித்துக்கொண்டிருந்தேன். ஒரு பைசா தப்பவில்லை. வீட்டில்தான் சோற்றுக்கு உலை வைத்துவிட்டு அரிசி போட மறந்தேன். சின்னவள், "அம்மா, வெறும் தண்ணி கொதிக்குது" என்றாள்.

முடிவு நெகட்டிவ்.

பிறகு வேறொரு மருத்துவமனையில், பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்சிஹெச் என்ற மேற்படிப்பு படித்த ஒருவரிடம், இரண்டு பக்கமும் சவ்வோடு எடுத்துவிட்டேன். 1,90,000 ரூபாய், இந்த முறை பில்லோடு. இன்சூரன்ஸ் கைவிரித்தது: அழகு அறுவைக்குக் காப்பீடு இல்லை, அதன் பின்விளைவுக்கும் இல்லை. எடுத்ததைக் காட்டினார் டாக்டர். வழவழப்பு இல்லை, சொரசொரப்பு. பின்புறம் பொறித்திருந்த அளவு 325. நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. திரும்பப் பெற்ற வகை அது இல்லை, என் சண்டை அவர்களோடும் இல்லை. தாளில் ஒன்றை எழுதி உடம்பில் வேறொன்றை வைத்தவர்களோடுதான்.

பழைய கிளினிக்கில் கேஸ் ஷீட் கேட்டேன். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சில் விதி. "பழைய ஃபைல் எல்லாம் கோடவுன்ல இருக்கு மேடம்" என்றார்கள். அக்கா மேடம் ஆகிவிட்டேன். பதிவுத் தபாலில் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. பலகையும் வேறு பெயருக்கு மாறிவிட்டது. கர்நாடக மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதியிருக்கிறேன். நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷக் கெடு உண்டு. எனக்கு விஷயம் தெரியவந்த நாளிலிருந்து எண்ணலாம் என்று வாதாடப்போவதாக வக்கீல் சொல்கிறார். பில் கேட்டார், இல்லை என்றதும் பெருமூச்சு விட்டார். யுபிஐ வரியையும் வாட்ஸ்அப் பேச்சையும் வைத்து மனு தயாராகிறது.

செய்துகொள்ள முடிவெடுத்துவிட்டவர்களைத் தடுக்க எனக்கு உரிமை இல்லை. கத்தி வைப்பவரின் பெயரை முன்கூட்டியே கேளுங்கள், அவர் பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவரா என்று கவுன்சில் பதிவில் பாருங்கள். அழகுச் சிகிச்சை செய்கிற காஸ்மெட்டாலஜிஸ்ட் என்பது வேறு. எஃப்டிஏ 2021இல் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் வெளியிட்டது, ஒவ்வொரு ஆபத்தையும் டாக்டர் விளக்கி நீங்கள் கையெழுத்திட வேண்டிய தாள். இங்கே அது கட்டாயமில்லை, ஆனால் கையில் எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள். முகம் சுளிக்கிற டாக்டர் உங்களுக்கு வேண்டாம். பெட்டியை மயக்கம் கொடுப்பதற்கு முன் கண்ணால் பாருங்கள், ஸ்டிக்கரை போட்டோ எடுங்கள். சிலிகான் என்றால் 5, 6 வருஷத்தில் ஒரு ஸ்கேன், அப்புறம் 2, 3 வருஷத்துக்கு ஒன்று, ஏனென்றால் உள்ளே உடைவது பல நேரம் வெளியே தெரியாது. அந்தச் செலவை எந்தப் பேக்கேஜும் சொல்லாது. மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்கப் போனால் முதலிலேயே சொல்லுங்கள், படம் எடுக்கும் முறையே மாறும். பால் கொடுப்பதிலும் தொடு உணர்ச்சியிலும் குறை வரலாம் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. வலது பக்கக் காம்பில் எனக்கு இன்றும் உணர்ச்சி இல்லை.

எடுத்த இரண்டையும் மருத்துவமனையில் கேட்டு வாங்கி, சீல் வைத்த டப்பாவில் பீரோவில் வைத்திருக்கிறேன். வக்கீல் சொல்படி, வழக்கு முடியும்வரை.

போன மாதம் புது எண்ணிலிருந்து ஒரு வாட்ஸ்அப் வந்தது. வேறு கிளினிக், அதே பெண். "அக்கா, நல்லா இருக்கீங்களா? ஃப்ரெண்ட்ஸ் யாராவது இருந்தா சொல்லுங்க, ரெஃபரலுக்கு 5,000." அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஃபைலில் சேர்த்தாயிற்று.