சிங்கப்பூர் கடதாசியும் இலங்கைக் கடதாசியும்

சிங்கப்பூர், இலங்கை இரண்டும் தீவுகள், இரண்டும் துறைமுகத்தை நம்பி வாழ்பவை, கடதாசியையும் மட்டையையும் பெரும்பாலும் வெளியிலிருந்தே வாங்குபவை. அதனால் சுங்கக் குறியீட்டில் கடதாசிக்கும் மட்டைக்குமான 48ஆம் அத்தியாயத்தைத் திறந்து, இரண்டு மொத்தத் தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, யார் அதிகம் வாங்குகிறார்கள் என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். அது சரிவராது.

சிங்கப்பூருக்குள் வந்த கடதாசிச் சுருள் அப்படியே இன்னொரு நாட்டுக்கு விற்கப்பட்டால் அது மீள் ஏற்றுமதி என்று தனியாகக் கணக்கில் வரும், கழித்துப் பார்க்கலாம். இலங்கையில் அப்படிக் கழிக்கவே முடியாது. ஒரு தேயிலைப் பெட்டியைக் கையில் எடுத்துப் பாருங்கள்: தேயிலைப் பையின் வடிதாள், நூல் முனையில் தொங்கும் சின்ன அட்டை, உறை, உள்பெட்டி, அத்தனையையும் அடுக்கிய பெரிய காட்போட் பெட்டி. இவ்வளவும் கப்பலேறும்போது சுங்கம் எழுதுவது தேயிலை என்றுதான். ஆடைகள் போகும் பெட்டிகளுக்கும் இதே கதை. அதாவது இலங்கை வாங்கிய கடதாசியில் ஒரு பங்கு வெளியே போய்விடுகிறது, ஆனால் புள்ளிவிவரத்தில் அது நாமே தின்று தீர்த்தது போலத் தெரிகிறது.

வரியில் சிங்கப்பூருக்குத்தான் வசதி. கடதாசிக்குச் சுங்க வரியே இல்லை, 2024 முதல் 9% பொருள் சேவை வரி மட்டும். இங்கே இலங்கையில் அதே ஆண்டு முதல் வற் (பெறுமதி சேர் வரி) 18%, அதற்கு மேல் துறைமுக, விமான நிலைய வரி, சில வகைகளுக்கு செஸ் என்ற மேலதிக இறக்குமதி வரி.

நெருக்கடி வந்த விதத்தையும் பார்க்க வேண்டும். 2015 ஒக்டோபரில் சுமாத்திராக் காட்டுத் தீயின் புகை மூடியபோது, சிங்கப்பூரின் என்டியுசி ஃபேர்பிரைஸ் பல்பொருள் அங்காடி, அந்தத் தீயோடு தொடர்புண்டு என்று சந்தேகிக்கப்பட்ட கடதாசி நிறுவனமான ஆசியா பல்ப் அண்ட் பேப்பரின் பொருட்களைத் தன் அலுமாரிகளிலிருந்து எடுத்தது. வேண்டாம் என்று சொல்லும் வசதி அவர்களுக்கு இருந்தது. 2022 மார்ச்சில் எங்களிடம் டொலர் இல்லை. கடதாசியும் மையும் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளைத் தள்ளிவைத்தார்கள். 'தி ஐலண்ட்', 'திவயின' நாளிதழ்கள் இரண்டும் சனிக்கிழமை அச்சுப் பதிப்பை நிறுத்தின. வைக்கோலில் கடதாசி செய்யவென்று 1950களில் தொடங்கிய வாழைச்சேனை ஆலை ஒழுங்காக ஓடியிருந்தால் பரீட்சைத் தாளுக்காவது போதியிருக்கும் என்று அப்போது நினைத்து நினைத்து மனம் நொந்தேன்.

ஆகவே இலங்கையின் 48ஆம் அத்தியாயத்தை இரண்டாகப் பிரித்துத்தான் சிங்கப்பூரோடு ஒப்பிட வேண்டும். பெட்டிக் கடதாசி ஒரு பக்கம். அது தேயிலையோடும் ஆடையோடும் போய்த் தன் டொலரைத் தானே கொண்டுவந்துவிடும். சீ.ஆர். கொப்பி என்ற பெரிய பாடக் குறிப்பேட்டுக்கும் பரீட்சைத் தாளுக்கும் போகும் கடதாசி மறுபக்கம். அது ஒரு சதமும் திருப்பித் தராது, அதனால் டொலர் வற்றினால் முதலில் நிற்பது அதுதான். 80 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 80 கிராம்) ஏ4 ரீம் ஒன்று, 500 தாள், இரண்டரைக் கிலோ. வகுப்பில் 40 பிள்ளைகள், ஆளுக்கு 12 தாள் என்றால் ஒரு பரீட்சைக்கு ஒரு ரீம் கூட முழுதாகத் தேவைப்படாது. வரிச்சலுகை கொடுப்பதென்றால் அந்த ரீமுக்கு முதலில் கொடுக்கட்டும், பெட்டிக் கடதாசி பிறகு வரட்டும்.