‘கம்பெனி ஃபிட்டிங்’ என்று நம்பி வாங்கிய பழைய பிக்கப்

பழைய பிக்கப் வாங்கப் போகிறவர்கள், அதிலும் டிரெய்லர் இழுக்கும் எண்ணத்தோடு வாங்கப் போகிறவர்கள், இதைப் படித்துவிட்டு முன்பணம் கொடுங்கள். நான் வாங்கியது 1971 மாடல் ஷெவ்ரொலே சி10. விற்றவர் பழைய வண்டிகளை வாங்கி விற்பதையே தொழிலாக வைத்திருப்பவர். டிரெய்லர் கொக்கி கம்பெனி ஃபிட்டிங், ஸ்டெப்னி பிராக்கெட்டும் கம்பெனியில் வந்ததுதான், சேசிஸில் யாரும் கை வைத்ததே இல்லை என்று விளம்பரத்தில் போட்டிருந்தார். நேரிலும் சொன்னார். மூன்றுமே பொய். அது எனக்குத் தெரிந்தது வாங்கி இரண்டு மாதம் கழித்து, சாலையோரத்தில், பின்னால் டிரெய்லர் மாட்டியிருந்த நேரத்தில்.

இடது பின்டயர் பஞ்சர். ஜாக்கி இருக்கிறது, வீல் ஸ்பேனர் இருக்கிறது, ஸ்டெப்னி அடியில் தொங்குகிறது, அரை மணி நேர வேலை என்றுதான் நினைத்தேன். வண்டிக்கு அடியில் படுத்து பிராக்கெட் போல்ட்டைக் கழற்றினேன். ஸ்டெப்னி நாலு விரற்கடை இறங்கியது. அதற்குமேல் இறங்கவில்லை. கொக்கியைத் தாங்கும் குறுக்குக் குழாய் டயரின் விளிம்புக்கு நேர் கீழே ஓடுகிறது. முன்னால் தள்ளினால் ஆக்சில் இடிக்கிறது, பின்னால் இழுத்தால் குழாய் இடிக்கிறது. கொக்கியைக் கழற்றினால்தான் ஸ்டெப்னி வெளியே வரும் என்று புரிந்தது. சரி, டிரெய்லரை விலக்கிவிட்டு அதையும் கழற்றிவிடலாம் என்று பக்கத்துக்கு இரண்டாக இருந்த நான்கு போல்ட்டுகளையும் எடுத்தேன். கொக்கி அசையவே இல்லை.

டார்ச் அடித்துப் பார்த்தேன். சேசிஸ் முழுக்கத் தடிமனாகக் கறுப்புப் பூச்சு. ஸ்பேனரின் முனையால் சுரண்டியதும் அது பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. உள்ளே புழு நெளிந்தது போல வெல்டிங் தழும்பு. கொக்கியின் பக்கத் தகட்டை சேசிஸ் சட்டத்தின் கீழ் விளிம்போடு, ஒரு கை நீளத்துக்குப் பற்றவைத்திருந்தார்கள். வெளியே தெரிந்த நான்கு போல்ட்டும் பார்வைக்கு மட்டும்தான். அன்றைக்கு வண்டி ரெக்கவரி வண்டியில் ஏறித்தான் போனது. டிரெய்லருக்குக் காவலாக நண்பரை இருட்டில் விட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் பட்டறையில் வண்டியைத் தூக்கிப் பார்த்த பெரியவர் முதலில் சொன்னது இதுதான்: “தம்பி, கம்பெனியில இந்த வண்டிக்குக் குறுக்குச் சட்டமெல்லாம் ரிவெட் அடிச்சுத்தான் இறக்கினாங்க. இங்கே ரிவெட்டும் இல்லை, சட்டமும் இல்லை. ஓட்டைதான் இருக்கு.” அவர் காட்டிய இடத்தில் ரிவெட் இருந்த துளைகளைப் பட்டி வைத்து அடைத்து, மேலே கறுப்பு அடித்திருந்தார்கள். ஸ்டெப்னி பிராக்கெட் தொங்கிய பழைய குறுக்குச் சட்டத்தை அறுத்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கொக்கியை ஏற்றியிருக்கிறார்கள். பிறகு வேறு எந்த வண்டியிலிருந்தோ ஒரு பிராக்கெட்டைக் கொண்டுவந்து, ஸ்டெப்னி ‘இருக்கிறது’ என்று காட்டுவதற்காக மாட்டியிருக்கிறார்கள். டயரை மேலே ஏற்றி முடுக்கிய பிறகுதான் கொக்கியைப் பற்றவைத்திருக்க வேண்டும். வேறு வழியில் அது உள்ளே போயிருக்கவே முடியாது.

இடம் போதாமல் அப்படிச் செய்தார்கள் என்றும் சொல்ல முடியாது. இந்த மாடலில் பெட்ரோல் டேங்க் கேபினுக்குள், சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. 1973 மாடலில்தான் அது வெளியே, சேசிஸின் பக்கவாட்டுக்குப் போனது. ஆகவே சரக்கு ஏற்றும் பின்பக்கத் தொட்டிக்கு அடியில் இடம் தாராளம்.

ஸ்டெப்னியை கேஸ் கட்டிங் வைத்துக் கொக்கியை அறுத்த பிறகுதான் வெளியே எடுக்க முடிந்தது. டயரின் பக்கச் சுவரில் டாட் (DOT) என்ற எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் கடைசியைப் பாருங்கள். 2000-லிருந்து அங்கே நான்கு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். என் ஸ்டெப்னியில் மூன்றே இலக்கம். அதாவது, போன நூற்றாண்டில் செய்த டயர். ட்ரெட் புதிது போலப் பளபளவென்று இருந்தது, பக்கச் சுவரை விரலால் அழுத்தினால் வெடிப்பு வெடிப்பாக விரிந்தது. அன்றைக்கு அது இறங்கியிருந்தாலும், அதை மாட்டிக்கொண்டு டிரெய்லரோடு கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

இது ஸ்டெப்னி வெளியே வராத பிரச்சினை மட்டும் இல்லை. சாதாரண டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் உட்கார வேண்டும், அப்போதுதான் அது ஆடாமல் வரும். 1,000 கிலோ டிரெய்லர் என்றால் 100 முதல் 150 கிலோ எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும். பள்ளத்தில் விழுந்து எழும்போது அது இன்னும் கூடும். அந்தச் சுமையைப் பின்னால் தாங்க வேண்டிய குறுக்குச் சட்டத்தையே அறுத்துவிட்டார்கள். சேசிஸ் சட்டத்தின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும்தான் வளைவை அதிகம் தாங்குகிற பகுதி. அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் அந்த விளிம்பில் துளை போடவோ பற்றவைக்கவோ மாட்டார்கள், நடுப்பட்டையில்தான் போல்ட் போடுவார்கள். என் வண்டியில் வெல்டிங் முடிகிற இடத்தில் கறுப்பைத் துடைத்துப் பார்த்தபோது, தலைமுடி மொத்தத்தில் ஒரு விரிசல் தொடங்கியிருந்தது. பெரியவர் நகத்தை வைத்து ஓட்டிக் காட்டினார், நகம் அதில் மாட்டியது. இரண்டு மாதம் நான் அதில்தான் டிரெய்லர் இழுத்தேன். எனக்குப் பின்னால் பைக்கில் குழந்தையோடு வந்தவர்கள் எத்தனை பேரோ.

டிரெய்லரின் மூக்கு கவ்விப் பிடிக்கிற கொக்கிக் குண்டிலும் கோளாறு. என் டிரெய்லரின் மூக்கு 2 அங்குலக் குண்டுக்கானது, அதாவது 50.8 மில்லிமீட்டர். விற்றவர் மாட்டிக் கொடுத்தது 1⅞ அங்குலம், 47.6 மில்லிமீட்டர். மூடும், பூட்டும், கையால் ஆட்டினால்கூட மாட்டியது போலவே இருக்கும். பெரிய மேட்டில் குதித்தால் கழன்றுவிடும். குண்டின் தலையில் அளவு அச்சடித்திருக்க வேண்டும், அதைக் கிரைண்டரில் தேய்த்திருந்தார்கள். அளவு தெரியாத குண்டை வெர்னியர் வைத்து அளக்காமல் மாட்டாதீர்கள்.

என் தப்பு எங்கே என்றும் சொல்லிவிடுகிறேன். இந்த மாடலில் கிளவ் பாக்ஸுக்குள் ஒரு காகித ஸ்டிக்கர் இருக்கும். தொழிற்சாலையில் அந்த வண்டிக்கு என்னென்ன கூடுதலாகப் பொருத்தினார்கள் என்று குறியீட்டோடு அதில் அச்சாகியிருக்கும். என் வண்டியில் அது கிழியாமல் இருந்தது. ‘ஐம்பது வருஷக் காகிதம் இன்னும் இருக்கிறதே’ என்று சந்தோஷப்பட்டேனே தவிர, உட்கார்ந்து படிக்கவில்லை. பிறகு படித்தால் அதில் கொக்கியும் இல்லை, டிரெய்லர் இழுப்பதற்கான வேறு எதுவும் இல்லை. தொழிற்சாலையே டிரெய்லருக்காகத் தயார்செய்த பிக்கப் என்றால் வெறும் கொக்கியோடு வராது. பெரிய ரேடியேட்டர், கனமான பின் ஸ்பிரிங், டிரெய்லர் விளக்குக்கான ஒயரிங், கனரக ஃபிளாஷர் என்று கூடவே சில இருக்கும். புதிதில் டீலர் கடையிலேயே கொக்கி போட்ட வண்டிகளும் உண்டு. அது தவறே இல்லை, நல்ல வேலையாகவும் இருக்கலாம். ஆனால் அதைக் கம்பெனி ஃபிட்டிங் என்று விற்கக் கூடாது.

இன்னொன்றும் எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். வண்டியை வடிவமைக்கிறவர்கள் ஸ்டெப்னிக்கு எங்கே இடம் என்று யோசித்துத்தான் மற்றதை வைப்பார்கள். இரண்டாம் உலகப்போர் ஜீப்பில் ஸ்டெப்னி பின்புறத்தில் இருந்தது. 1945-ல் வில்லிஸ் கம்பெனி அதையே விவசாயிகளுக்காக சிஜே-2ஏ என்று கொண்டுவந்தபோது பின்னால் திறக்கும் கதவு வைத்தார்கள், உடனே ஸ்டெப்னியைப் பக்கவாட்டுக்கு மாற்றினார்கள். ஆகவே கொக்கியும் ஸ்டெப்னியும் ஒன்றுக்கொன்று வழி மறிக்கிறது என்றால், இரண்டில் ஏதோ ஒன்று பின்னால் வந்து சேர்ந்தது என்று சந்தேகப்படுங்கள். இதற்கு மெக்கானிக் கூட வேண்டாம். விலை பேசும் முன்பே விற்பவர் எதிரில் ஸ்டெப்னியை முழுதாக இறக்கி, வெளியே உருட்டி, திரும்ப ஏற்றச் சொல்லுங்கள். ‘அது துரு பிடிச்சிருக்கு சார், அப்புறம் பார்த்துக்கலாம்’ என்றால் நீங்களே படுத்துக் கழற்றுங்கள். போல்ட் தலைகளையும் பாருங்கள், அதிலுள்ள கோடுகள் போல்ட்டின் வலுவைச் சொல்லும்: தலையில் மூன்று கோடு இருந்தால் கிரேடு 5, ஆறு கோடு இருந்தால் கிரேடு 8. என் கொக்கியில் இருந்தவை ஒரு கோடும் இல்லாத மொட்டைத் தலைகள். புதிதாக அடித்த கறுப்புப் பூச்சைக் கண்டால் சுரண்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள், மறுத்தால் வந்துவிடுங்கள்.

விற்றவருக்கு போன் செய்தேன். ‘பழைய வண்டின்னா அப்படித்தான் சார் இருக்கும்’ என்றார். வெல்டிங் படங்களை அனுப்பிய பிறகு எடுக்கவே இல்லை. ரசீதில் ‘உள்ளது உள்ளபடி’ என்று எழுதி என் கையெழுத்து வாங்கியிருந்தார். விளம்பரத்தில் சொன்ன எதுவும் அதில் இல்லை, நானும் எழுதச் சொல்லிக் கேட்கவில்லை. கேளுங்கள். ‘கொக்கி தொழிற்சாலையில் பொருத்தியது, சேசிஸில் வெல்டிங் இல்லை’ என்று ரசீதில் ஒரு வரி எழுத மறுப்பவர் எதற்காக மறுக்கிறார் என்பது உங்களுக்கே புரிந்துவிடும்.

இப்போது என் பிக்கப்பில் கொக்கி இல்லை. விரிசல் விட்ட இடத்தைச் சரிசெய்து, வேறொரு வண்டியின் குறுக்குச் சட்டத்தை வைத்துப் பொருத்த பெரியவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அதுவரை ஸ்டெப்னி பின்பக்கத் தொட்டியில் கிடக்கிறது. போன வாரம் அதே நபர் இன்னொரு பழைய பிக்கப்பை, அதே ‘கம்பெனி ஃபிட்டிங் கொக்கி’ என்ற வார்த்தையோடு விளம்பரம் செய்திருப்பதைப் பார்த்தேன். ஐந்தாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், அந்த வண்டியிலும் ஸ்டெப்னி தொட்டிக்குள்தான் படுத்திருக்கிறது.