"பிளட்ல இன்ஃபெக்‌ஷன் இருக்கு"ன்னு சொல்லி மாசக்கணக்கா மருந்து குடுத்தாங்க – டார்ச் பேக்கேஜ் எடுக்கறதுக்கு முன்னாடி இத படிங்க

கரு தங்க மாட்டேங்குது, கலைஞ்சு கலைஞ்சு போகுதுன்னு அழுதுட்டு போற பொண்ணுங்ககிட்ட ஒரு பெரிய பிளட் டெஸ்ட் பேக்கேஜ எடுக்க வச்சு, அதுல வர்ற பாசிட்டிவ் எல்லாத்தையும் வியாதின்னு சொல்லி மருந்து குடுத்து, மறுபடி டெஸ்ட், மறுபடி மருந்துன்னு இழுத்தடிக்கறாங்க. எனக்கு நடந்துச்சு. சென்டர் பேர நான் இங்க போடல, ஏன்னா பேர போட்டா அந்த ஒரு எடத்துக்கு மட்டும் போகாம இருப்பீங்க, ஆனா வேற எடத்துல போய் இதே பேக்கேஜ எடுத்துட்டு வந்து இதே மாதிரி மாட்டிப்பீங்க. அதனால எப்படி எப்படி சொன்னாங்க, அதுல எது தப்புன்னு முழுசா எழுதறேன், நீளமா தான் இருக்கும், பொறுமையா படிங்க ப்ளீஸ்.

எனக்கு ரெண்டாவது தடவையும் கலைஞ்சதுக்கு அப்புறம் தான் அந்த ஃபெர்டிலிட்டி சென்டருக்கு போனோம். டாக்டர பாக்கறதுக்கு முன்னாடியே ரத்தம் எடுத்துட்டாங்க. டார்ச் பேனல் (டாக்ஸோ, ரூபெல்லா, சிஎம்வி, ஹெர்பீஸ்னு சில தொற்றுக்கு சேத்து எடுக்கற டெஸ்ட்), கூடவே கிளமிடியாங்கற பால்வினை தொற்றுக்கு ஆன்டிபாடி, ஹெர்பீஸ் டைப் டூ, டிபிக்கு ஒரு ஐஜிஜி ஐஜிஎம் (ரெண்டு வகை ஆன்டிபாடி), சிபிலிஸ்ங்கற பால்வினை நோய்க்கு விடிஆர்எல்னு எல்லாம் சேத்து ஒரே பேக்கேஜ், லேப் அவங்களோடதே. ரிப்போர்ட் வந்தப்ப பக்கம் பூரா தடிச்ச எழுத்து, ஒவ்வொரு லைனுக்கும் பக்கத்துல மேல் நோக்கி ஒரு அம்புக்குறி. அங்க இருந்த கவுன்சிலர் பேனாவ எடுத்து ஒண்ணொண்ணா வட்டம் போட்டு "உங்களுக்கு இத்தன இன்ஃபெக்‌ஷன் இருக்கு மேடம், இதோட எப்படி குழந்தை தங்கும்"னு கேட்டாங்க. அந்த வார்த்தைய கேட்டதும் நம்ம உடம்பு தான் குழந்தைய கொன்னுடுச்சோன்னு தோணும் பாருங்க, அந்த நேரத்துல அவங்க எந்த பேப்பர நீட்டினாலும் கையெழுத்து போட்டுடுவோம்.

அவங்க வட்டம் போட்டதுல மொதல் லைன் என்ன தெரியுமா, ரூபெல்லா ஐஜிஜி பாசிட்டிவ். ரூபெல்லாவுக்கு, அதாவது ஜெர்மன் தட்டம்மைக்கு, நான் சின்ன வயசுலயே தடுப்பூசி போட்டவ. தடுப்பூசி போட்டா ஐஜிஜி பாசிட்டிவ் வரணும், வந்தா தான் நல்லது, வரலன்னா தான் கர்ப்பம் ஆகறதுக்கு முன்னாடி ஊசி போட்டுட்டு ஒரு மாசம் தள்ளி ட்ரை பண்ண சொல்லணும். அதாவது அந்த பேப்பர்லயே எனக்கு இருந்த நல்ல செய்தி அது ஒண்ணு தான், அதையே வியாதி கணக்குல சேத்துட்டாங்க.

இங்க ஒரு விஷயம் புரிஞ்சுக்கோங்க, மத்தது எல்லாம் தானா புரியும். இந்த டெஸ்ட்டுங்க கிருமிய தேடறது இல்ல, கிருமிய எதிர்த்து நம்ம உடம்பு செஞ்ச ஆன்டிபாடிய தேடுது. ஐஜிஎம் வழக்கமா மொதல்ல வரும், ஐஜிஜி கொஞ்சம் பின்னாடி வந்து பெரும்பாலான வைரஸுக்கு வாழ்நாள் பூரா இருக்கும். ஐஜிஜிங்கறது ஆறிப்போன காயத்தோட தழும்பு மாதிரி, எப்பவோ பட்டுச்சுன்னு சொல்லும், இப்ப ரத்தம் வடியுதுன்னு அர்த்தம் இல்ல. சிஎம்விங்கற வைரஸ எடுத்துக்கோங்க, உலகத்துல பெரியவங்கள்ல பாதிக்கு மேல அது எப்பவோ வந்துட்டு போயிருக்கும், நிறைய நாடுகள்ல கிட்டத்தட்ட எல்லாருக்குமே ஐஜிஜி பாசிட்டிவ் தான். ஹெர்பீஸ் டைப் ஒன், உதட்டுல கொப்புளம் வருமே அது, 50 வயசுக்கு கீழ உள்ளவங்கள்ல ஏறக்குறைய மூணுல ரெண்டு பேருக்கு இருக்குன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. ஸோ டார்ச் பேனல் எடுத்தா எதாவது ஒண்ணு பாசிட்டிவ் வந்தே தீரும், குழந்தை நல்லபடியா பெத்தவங்களுக்கும் வரும், பக்கத்து சீட்ல உக்காந்திருக்கறவங்களுக்கும் வரும்.

எனக்கு டாக்ஸோபிளாஸ்மாங்கற ஒட்டுண்ணிக் கிருமிக்கு ஐஜிஜி ஐஜிஎம் ரெண்டும் பாசிட்டிவ், ஐஜிஎம் லேசா தான். உடனே "ஆக்டிவ் இன்ஃபெக்‌ஷன்"னு எழுதி ஸ்பைராமைசின்ங்கற ஆன்டிபயாடிக் ஆரம்பிச்சாங்க. கர்ப்பமா கூட இல்ல நான் அப்ப. டாக்ஸோ ஐஜிஎம் சில பேருக்கு ஒரு வருஷத்துக்கு மேலயும் ரத்தத்துல நிக்கும், சும்மாவே பொய்யா பாசிட்டிவ் காட்டறதும் உண்டு, ஒரே ஒரு ஐஜிஎம் ரிசல்ட்ட மட்டும் வச்சு முடிவு எடுக்காதீங்கன்னு அமெரிக்காவோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 1997லயே டாக்டர்களுக்கு எச்சரிக்கை விட்டிருக்கு. அதுக்குன்னு அவிடிட்டி டெஸ்ட்னு ஒண்ணு இருக்கு, ஐஜிஜி எவ்வளவு இறுக்கமா கிருமிய பிடிக்குதுன்னு பாக்கும், நல்லா இறுக்கமா இருந்தா கடைசி மூணு நாலு மாசத்துல வந்த தொற்று இல்லன்னு சொல்லிடலாம். அத எடுக்கவே இல்ல. பின்னாடி வேற எடத்துல எடுத்தப்ப ஹை அவிடிட்டின்னு வந்துச்சு, எப்பவோ வந்து போனது.

மருந்து முடிஞ்சதும் மறுபடி அதே பேக்கேஜ். மறுபடி ஐஜிஜி பாசிட்டிவ். "இன்னும் போகல மேடம், நெகட்டிவ் ஆகற வரைக்கும் ட்ரை பண்ணாதீங்க"ன்னாங்க. இத நல்லா கவனிங்க, வாழ்நாள் பூரா இருக்கப்போற ஒண்ண நெகட்டிவ் ஆகட்டும்னு காத்திருக்க சொல்றாங்க. எந்த மாத்திரையும் ஐஜிஜிய அழிக்காது. அடுத்த தடவ சிஎம்வி நம்பர் கூடியிருக்குன்னு பயமுறுத்தினாங்க, அப்புறம் பழைய ரிப்போர்ட்ட எடுத்து பக்கத்துல வச்சு பாத்தா ரெண்டுலயும் யூனிட்டே வேற, நடுவுல மிஷின மாத்தியிருக்காங்க. கம்பெனி மாறினா நம்பரும் மாறும், அத வச்சு ஏறுது இறங்குதுன்னு சொல்லவே கூடாது. அந்த மாசம் பூரா நான் தூங்கல.

ஹெர்பீஸ் கத தான் எனக்கு இன்னும் ஆறல. டைப் டூ ஐஜிஜி, இன்டெக்ஸ் 1.6, ரிப்போர்ட்ல பாசிட்டிவ். அந்த கவுன்சிலர் என் ஹஸ்பண்ட வெளில அனுப்பிட்டு என்கிட்ட "இது செக்ஸுவலா தான் வரும், அவர்கிட்ட கேளுங்க"ன்னாங்க. அடுத்து என்ன வெளில அனுப்பிட்டு அவர்கிட்டயும் அதையே சொல்லியிருக்காங்க! வீட்டுக்கு வந்து ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்து பேச முடியல. அவரு சாப்பாட்ட தனியா எடுத்துட்டு போய் சாப்ட்டாரு, நான் ஒண்ணும் கேக்கல. ரெண்டு பேருக்கும் வாழ்க்கைல ஒரு கொப்புளம் கூட வந்தது கிடையாது. இந்த டெஸ்ட்ல 1.1லருந்து 3 வரைக்கும் வர்ற ரிசல்ட் எல்லாம் நிறைய பொய் பாசிட்டிவ், வேற முறைல ஒரு டெஸ்ட் எடுத்து உறுதி பண்ணாம நோயாளிகிட்ட சொல்லக்கூடாது, அமெரிக்காவோட நோய்த் தடுப்பு அமைப்பு சிடிசி 2021 வழிகாட்டுதல்ல 3க்கு கீழ வந்தா ரெண்டாவது டெஸ்ட் வேணும்னு தெளிவா போட்டிருக்கு, அறிகுறி இல்லாத எல்லாருக்கும் பொதுவா இந்த டெஸ்ட் எடுக்கவும் வேண்டாம்னு தான் சொல்லுது. எனக்கு உறுதி டெஸ்ட் நெகட்டிவ். அதுக்குள்ள நாங்க பேசிக்கிட்ட வார்த்தைங்கள யாரு திருப்பி எடுக்கறது?

அப்புறம் டிபி. ரத்தத்துல டிபி ஐஜிஎம் பாசிட்டிவ், கர்ப்பப்பைல டிபி இருக்கலாம், ஆறு மாசம் மாத்திரை ஆரம்பிச்சுடலாம்னாங்க. கர்ப்பப்பை டிபி நிஜமாவே இருக்கற வியாதி தான், கருக்குழாய், அதான் டியூப், அடைக்கும், லேசா எடுத்துக்கக் கூடாது. ஆனா அத கண்டுபிடிக்க கர்ப்பப்பை உள்சதைய கொஞ்சம் எடுத்து கிருமி வளருதான்னு கல்ச்சர் வைக்கணும், கிருமியோட ஜீன தேடற டெஸ்ட் பண்ணணும், தேவைப்பட்டா லேப்ராஸ்கோப்பி. ரத்தத்துல டிபி ஆன்டிபாடி பாக்கற டெஸ்ட்ட யாரும் யூஸ் பண்ணாதீங்கன்னு உலக சுகாதார நிறுவனம் 2011லயே சொல்லிடுச்சு, அவ்வளவு மோசமான டெஸ்ட். கல்லீரல கெடுக்க சான்ஸ் உள்ள மாத்திரைங்கள அத நம்பி ஆறு மாசம் முழுங்கணுமான்னு தான் நாங்க வேற டாக்டர்கிட்ட போனோம்.

அந்த டாக்டரம்மா ஃபைல கைல வாங்கி பேசாம புரட்டினாங்க. வட்டம் போட்ட எதையும் பாக்கல. கடைசி பக்கத்துல அடியில சின்னதா இருந்த ஒரு லைன்ல விரல வச்சு "இத யாராவது உங்ககிட்ட பேசினாங்களாம்மா?"ன்னு கேட்டாங்க. விடிஆர்எல் வீக்லி ரியாக்டிவ், அதாவது லேசா பாசிட்டிவ், சிபிலிஸ உறுதி பண்ற டிபிஎச்ஏ டெஸ்ட் நெகட்டிவ். முன்னாடி சென்டர்ல "அது ஒண்ணும் இல்ல, விடுங்க"ன்னு சொன்ன லைன். விடிஆர்எல் சிபிலிஸுக்கான டெஸ்ட், ஆனா அதுல கார்டியோலிபின்ங்கற கொழுப்ப வச்சு தான் ஆன்டிபாடிய பிடிக்கறாங்க. சிபிலிஸ் இல்லாமலே அதுல பாசிட்டிவ் வந்தா, பல காரணம் இருக்கலாம், கர்ப்பத்துல கூட சும்மா வரும், ஆனா கலைஞ்சு கலைஞ்சு போற பொண்ணுக்கு அப்படி வந்தா ஆன்டிபாஸ்போலிபிட் சிண்ட்ரோம்னு ஒண்ணு இருக்கான்னு பாக்கணும். அது இன்ஃபெக்‌ஷனே இல்ல, நம்ம உடம்பே தப்பான ஆன்டிபாடி செஞ்சு ரத்தத்த உறைய வைக்கறது. மூணு டெஸ்ட், லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், ஆன்டிகார்டியோலிபின், ஆன்டி பீட்டா டூ கிளைக்கோப்ரோட்டீன். பாசிட்டிவ் வந்தா 12 வாரம் கழிச்சு மறுபடி எடுத்து அப்பவும் பாசிட்டிவ்வா இருந்தா தான் கணக்கு. எனக்கு ரெண்டு தடவையும் பாசிட்டிவ்.

இதுக்கு வைத்தியம் இருக்கு, குறைஞ்ச டோஸ் ஆஸ்பிரினும் ரத்தம் உறையாம தடுக்கற ஹெபாரின் ஊசியும். தொடர்ந்து கலையறவங்களுக்கு மொதல்ல பாக்க வேண்டிய டெஸ்ட்ல இது ஒண்ணு, அத்தன பெரிய பேக்கேஜ்ல இது மட்டும் தான் இல்லாம போச்சு. டார்ச் பேனல் என்னடான்னா, பிரிட்டனோட மகப்பேறு மருத்துவர்கள் ராயல் காலேஜ் அவங்க 2011 வழிகாட்டுதல்ல தொடர் கருச்சிதைவுக்கு இத வழக்கமா எடுக்கறத கைவிடணும்னு எழுதியிருக்காங்க. டார்ச்ங்கற பேரே பொறந்த குழந்தைக்கு பிறவித் தொற்று இருக்கான்னு யோசிக்கறதுக்காக 1971ல வச்சது.

எல்லா பிளட் டெஸ்ட்டும் ஏமாத்துன்னு நான் சொல்ல வரல, தயவு செஞ்சு அப்படி எடுத்துக்காதீங்க. கர்ப்பம் ஆனதும் எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, சிபிலிஸ் மூணும் கண்டிப்பா பாக்கணும், நேரத்துக்கு தெரிஞ்சா குழந்தைக்கு போகாம தடுக்கலாம். ரூபெல்லா, சின்னம்மைக்கு எதிர்ப்பு இருக்கான்னு முன்கூட்டியே பாக்கறதும் நல்லது. ஆன்டிபாடி டெஸ்ட்டுங்க ஆராய்ச்சிக்கு ரொம்ப உதவும், ஒரு ஊர்ல எத்தன பேருக்கு இந்த கிருமி எப்பவாவது வந்துச்சுன்னு கணக்கெடுக்க இத விட நல்ல வழி கம்மி. 1979லயே பின்லாந்துல குழந்தை இல்லாத பொண்ணுங்க ரத்தத்துல கிளமிடியா ஆன்டிபாடிய பாத்து தான் டியூப் அடைப்புக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு எழுதினாங்க. ஆனா ஆயிரம் பேர வரிசையா நிக்க வச்சு கணக்கு போடற டெஸ்ட்ட ஒருத்தி கைல குடுத்து "இப்ப உனக்கு வியாதி"ன்னு சொல்ல முடியாது. எனக்கு கிளமிடியா ஐஜிஜியும் பாசிட்டிவ் தான், நிமோனியா குடுக்கற வேற ஒரு கிளமிடியா வந்து போயிருந்தா கூட சில கிட்ல அப்படி காட்டும். இப்ப தொற்று இருக்கான்னு தெரிய ஸ்வாப் இல்லன்னா யூரின்ல ஜீன் டெஸ்ட் பண்ணணும். பண்ணினாங்க, இல்ல. டியூப் எக்ஸ்ரேவும் ரெண்டு பக்கமும் ஓப்பன்.

அதே மாதிரி வெள்ளைப்படுது, அரிப்பு, நாத்தம்னு போனா அதுக்கு ஸ்வாப் எடுத்து மைக்ராஸ்கோப்ல பாக்கணும், பிஎச் பாக்கணும், ரத்தத்துல தேடறதுக்கு ஒண்ணும் இல்ல. கர்ப்பப்பை வாய் புற்றுநோய்க்கு காரணமான எச்பிவி வைரஸுக்கும் கர்ப்பப்பை வாய்ல தான் சாம்பிள் எடுக்கணும்.

பேக்கேஜ் எழுதிக் குடுத்தா கூச்சப்படாம கேளுங்க, இந்த டெஸ்ட் பாசிட்டிவ் வந்தா என்ன பண்ணப் போறீங்க, நெகட்டிவ் வந்தா என்ன மாத்துவீங்கன்னு. பாசிட்டிவ் வந்தா உறுதி பண்ண அடுத்த டெஸ்ட் எதுன்னு கேளுங்க. ஒரே ஐஜிஜிய திருப்பி எடுக்கச் சொன்னா ஏன்னு கேளுங்க. ரிப்போர்ட்ட வாட்ஸப்ல படமா வாங்காம நம்பர், யூனிட், மிஷின் பேரு எல்லாம் இருக்கற முழு பேப்பரா வாங்கி வைங்க, என் விடிஆர்எல் லைன் தப்பிச்சதே பேப்பர் கைல இருந்ததால தான். ஆனா இத படிச்சிட்டு ஓடிட்டு இருக்கற மருந்த நீங்களா நிறுத்தாதீங்க, முக்கியமா டிபி மாத்திரை, சிபிலிஸுக்கு போடற பென்சிலின் ஊசி எல்லாம். ரிப்போர்ட்ட எடுத்துட்டு போய் அந்த சென்டரோட சம்பந்தம் இல்லாத ஒரு மகப்பேறு டாக்டர்கிட்ட காட்டுங்க.

பணத்த திருப்பிக் கேட்டோம், "ட்ரீட்மென்ட்டுக்கு நீங்க தான சம்மதம் குடுத்தீங்க"ன்னு கையெழுத்து போட்ட ஃபார்ம காட்டினாங்க. எல்லா ரிப்போர்ட்டும் காப்பி எடுத்து மருத்துவ கவுன்சில்ல எழுத்துல புகார் குடுத்திருக்கோம், வாங்கிட்டதுக்கு சீல் வச்சு குடுத்திருக்காங்க. பதில் வந்ததும் இங்கயே அப்டேட் போடறேன்.