டோர்ஸ் முதல் ஆல்பம்: 45 சுற்று இரட்டைத் தட்டா, மோனோ தட்டா?

1967-இல் வெளிவந்த தி டோர்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் முதல் ஆல்பத்துக்கு வினைல் தட்டில் மறுவெளியீடுகள் பல உண்டு. வாங்கலாம் என்று இறங்கியபோது என் பட்டியலில் கடைசிவரை நின்றவை இரண்டு. அனலாக் புரொடக்‌ஷன்ஸ் நிறுவனம் 2012-இல் கொண்டுவந்த 45 சுற்று (நிமிடத்துக்கு 45 முறை சுழலும்) ஸ்டீரியோ இரட்டைத் தட்டு ஒன்று. 2017-இல் ஐம்பதாம் ஆண்டுப் பெட்டியில் வந்த மோனோ ஒற்றைத் தட்டு மற்றொன்று. வாங்கியது இரட்டைத் தட்டை. மோனோவை நண்பரிடம் இரவல் வாங்கிக் கேட்டேன்.

அட்டையிலும் அச்சிலும் இரண்டுமே சோடைபோகவில்லை. விலை இரண்டுக்குமே கடிதான்.

எனக்கு வழக்கைத் தீர்த்துவைத்தது 'தி எண்ட்'. பதினொன்றரை நிமிடத்துக்கு மேல் நீளும் அந்தப் பாட்டு ஆல்பத்தின் கடைசியில் வருகிறது. முனகலாகத் தொடங்கி, முடியப்போகிற நேரத்தில்தான் டென்ஸ்மோரின் டிரம்ஸும் கிரீகரின் கிட்டாரும் வெறிகொண்டு எழுகின்றன. ஒற்றைத் தட்டில் அந்த இடம் வருவதற்குள் முள் தட்டின் நடுவிலுள்ள லேபிளை நெருங்கிவிடுகிறது. 33⅓ சுற்றில், வெளிவிளிம்பில் நொடிக்குச் சுமார் 50 செ.மீ. தடம் முள்ளின் கீழ் ஓடுகிறது. லேபிளை ஒட்டி 21 செ.மீ.தான். ஆல்பத்திலேயே உக்கிரமான பகுதிக்கு மிகக் குறுகிய இடம்! இரவல் தட்டில் அந்தக் கட்டத்தில் சிம்பல் ஒலி மணலாகச் சிதறியது. பாடகர் மாரிசனின் 'ஸ்' ஒலிகள் கரகரத்தன. 45 சுற்றில் அதே விட்டத்தில் 28 செ.மீ. கிடைக்கிறது. பாடல்கள் நான்கு பக்கங்களுக்குப் பிரிவதால் தடங்களையும் தாராளமாக விரித்து வெட்ட முடிகிறது. அங்கேயும் முள் உள்நோக்கித்தான் போகிறது, ஆனால் சிம்பல் சிம்பலாகவே கேட்கிறது. இதற்காக மூன்று முறை எழுந்து தட்டைத் திருப்பவும் மாற்றவும் வேண்டும். சோம்பேறிகளுக்கு இது சரிப்படாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த இரட்டைத் தட்டு வந்த டோர்ஸ் வரிசையில் மற்ற ஆல்பங்கள் மூல நாடாவிலிருந்தே வெட்டப்பட்டவை. முதல் ஆல்பத்துக்கு மட்டும் கிடைத்ததில் சிறந்த அனலாக் பிரதியைப் பயன்படுத்தினார்கள். என் காதுக்கு அது குறையாகப் படவில்லை.

மோனோவுக்கும் நியாயம் இருக்கிறது. ஸ்டீரியோவில் இடமும் வலமுமாகப் பிரிந்து கிடக்கும் கருவிகள் இதில் ஒன்றாகத் திரண்டு வருகின்றன. 'பிரேக் ஆன் த்ரூ' இதில்தான் எடுப்பாக இருக்கிறது. 1967 ஸ்டீரியோ வெளியீடு சற்று மெதுவாக ஓடி, சுருதி கொஞ்சம் இறங்கியிருந்தது பின்னாளில் தெரியவந்தது. மோனோவில் அந்தச் சிக்கல் இல்லை. பாட்டோடு சேர்ந்து கிட்டார் வாசிக்கிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பது நல்லது. அதற்காக, பெட்டியில் கூடவே வரும் மூன்று சிடிக்களுக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டுமே என்பதுதான் எனக்கு உறுத்தல்.

நான் கேட்டதெல்லாம் சாதாரண நீள்வட்ட முனை கொண்ட முள்ளில். மைக்ரோலைன் போன்ற நுண்முனைகள் உள்தடச் சிதறலைப் பெருமளவு குறைக்கும். அப்படி ஒரு முள் பொருத்திய கார்ட்ரிட்ஜ் ஏற்கெனவே வைத்திருப்பவருக்கு 45 சுற்றால் கிடைக்கும் ஆதாயம் என்னுடையதைவிடக் குறைவாகவே இருக்கும். அவர் மோனோவை எடுத்தால் நான் தடுக்க மாட்டேன்.