இரங்கலுரை: யார் எழுதுவது, யார் பேசுவது?

ஒருவர் இறந்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்தால், பெரும்பாலும் முதலில் வரும் கேள்வி இதுதான்: "இறுதி நிகழ்வு அன்றைக்கு யார் பேசுவது?" கேட்பவர் மூத்த மகளாகவோ மருமகனாகவோ இருப்பார். கேட்டுவிட்டு மற்றவர்கள் முகத்தைப் பார்ப்பார். மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இறுதி நிகழ்வுகளை நடத்திக் கொடுப்பது என் தொழில். செலிப்ரன்ட் என்பார்கள். நடத்துநர் என்று தமிழில் சொல்லிப் பார்த்தேன், பஸ் கண்டக்டர் ஞாபகம் வருகிறது என்று நண்பர்கள் சிரித்தார்கள். எனக்கு அதில் ஒன்றும் வருத்தமில்லை. ஆட்களை ஏற்றி, இறக்கி, நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலைதான் இதுவும்.

மதகுரு அல்லாத ஒருவர் இதையே தொழிலாகச் செய்வது அவ்வளவு பழைய வழக்கம் இல்லை. 1973இல் ஆஸ்திரேலியாவின் அட்டர்னி ஜெனரலாக இருந்த லயனல் மர்ஃபி, மதகுருவோ அரசு ஊழியரோ அல்லாத சாதாரண ஆட்களைத் திருமணம் நடத்திவைக்க நியமித்தார். அந்த வழியிலேயே இறுதி நிகழ்வுகளும் வந்து சேர்ந்தன. அங்கே திருமணம் நடத்த இன்றும் அரசு அங்கீகாரம் வேண்டும். இறுதி நிகழ்வுக்கு வேண்டாம். பிரிட்டனிலும் யார் வேண்டுமானாலும் முன்னால் நின்று நடத்தலாம், நிகழ்வே வைக்காமல் விட்டாலும் சட்டம் எதுவும் சொல்லாது. அப்படியானால் அந்த வீட்டில் கேட்கப்படும் கேள்விக்கு உண்மையிலேயே பல பதில்கள் உண்டு. எனக்குத் தெரிந்தவரை ஒவ்வொன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். இதில் ஒன்று என் பிழைப்பு என்பதையும் படிப்பவர் மனதில் வைத்துக்கொள்ளட்டும்.

வீட்டில் ஒருவரே எழுதி, அவரே பேசுவது

இதற்கு ஈடு எதுவும் இல்லை. நான் எத்தனை மணி நேரம் மெனக்கெட்டாலும், ஒரு மகன் "அப்பா" என்று ஆரம்பிக்கும்போது அந்தக் குரலில் வருவதை என்னால் கொண்டுவர முடியாது. சில சமயம் குரலே இறந்தவருடைய குரல் மாதிரி இருக்கும். கூட்டம் நிமிர்ந்து உட்காரும்.

அழுதுவிடுவோமோ என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அழுகை ஒரு பிரச்சினையே இல்லை. யாரும் அதைக் குறையாக நினைப்பதில்லை. அந்தப் பயம்தான் ஆளைத் தின்கிறது. மூன்று இரவு தூங்காமல் எழுதியவர், நிகழ்வன்று முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார். மற்றவர்கள் பேசுவது ஒரு வார்த்தைகூட அவர் காதில் விழாது. தன் முறை எப்போது வரும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டே இருக்கும். சொந்த அம்மாவின் இறுதி நிகழ்வு தனக்கு நினைவிலேயே இல்லை என்று சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இதற்குக் கைவைத்தியம் உண்டு. நிகழ்வுக்கு முந்தைய நாள் யாராவது ஒருவர் முன்னால் ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட வேண்டும். முதல் உடைவு அங்கேயே நடந்துவிடும். பெரிய எழுத்தில், தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்செடுக்க வேண்டும். ஸ்டேப்லர் அடிக்கக் கூடாது, கை நடுங்கும்போது புரட்ட வராது. பக்க எண் கட்டாயம். ஒரு வாக்கியம் அடுத்த பக்கத்துக்கு உடையக் கூடாது. இன்னொரு பிரதி என் கையில் இருக்கும்.

ஒரு மகள் தன் அப்பாவின் மூக்குக் கண்ணாடியைப் பற்றிய வரியில் நின்றுவிட்டார். அவர் கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுவாராம். நான் அசையவில்லை. மனதுக்குள் 20 வரை எண்ணினேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்ததும் போய்ப் பக்கத்தில் நின்றேன். விரலால் வரியைக் காட்டினார். இரண்டு வரி நான் படித்தேன். மூன்றாவது வரியில் அவரே தொடர்ந்தார். முன்கூட்டியே பேசி வைத்திருந்ததால் இது ஒரு விபத்து மாதிரித் தெரியவில்லை.

வீட்டார் எழுதித் தர, நடத்துநர் வாசிப்பது

கேட்டவுடன் இதுதான் சரி என்று தோன்றும். சொல் அவர்களுடையது, குரல் நம்முடையது. பாதிப் பேர் இதைத்தான் கேட்கிறார்கள். என் அனுபவத்தில் அதிகம் சறுக்குவது இந்த நடுவழிதான்.

எழுதித் தருவது எப்போதும் ஒருவர். மற்றவர்கள் "நீயே பார்த்துக்கொள்" என்று விலகிவிடுவார்கள். அப்படி மின்னஞ்சலில் வந்த ஓர் உரையை, நான் புதிதாக இருந்த காலத்தில், வந்தபடியே வாசித்தேன். "இரண்டு பிள்ளைகளுக்குத் தந்தை" என்று இருந்தது. மூன்றாவதாக ஒரு குழந்தை பிறந்து சில நாளில் இறந்திருக்கிறது. எழுதிய இளைய மகனுக்கு அது பெரிதாகப் படவில்லை. முன் வரிசையில் இருந்த அந்தத் தாய் ஒன்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். மின்னஞ்சல் யாருடையதாக இருந்தாலும் வாசித்த வாய் என்னுடையது. அன்றிலிருந்து எந்த வீட்டிலும் நான் கேட்காமல் எழுந்திருக்காத கேள்வி ஒன்று உண்டு: "யார் பெயர் விடுபட்டால் யாருக்கு வலிக்கும்?"

இன்னொரு சிக்கல், எழுத்து வேறு, பேச்சு வேறு. "என் அப்பா" என்று எழுதியதை "அவர்களுடைய அப்பா" என்று மாற்றினாலே உயிர் பாதி போய்விடும். மாற்றாமல் வாசித்தால் நான் யாருடைய பிள்ளை என்று பின்வரிசையில் சிலர் குழம்புவார்கள்.

கடிதம் மட்டும் விதிவிலக்கு. இறந்தவருக்கு ஒரு மகனோ மனைவியோ எழுதிய கடிதத்தை, "இது இன்னார் எழுதியது" என்று சொல்லிவிட்டு நான் வாசித்தால் நன்றாகவே நிற்கும்.

நடத்துநர் கேட்டு, எழுதி, பேசுவது

முழுக்க எங்கள் வேலை. வீட்டுக்குப் போய் இரண்டு மணி நேரமாவது உட்கார வேண்டும். முதல் அரை மணியில் கிடைப்பதெல்லாம் எல்லா வீட்டிலும் கிடைப்பதுதான்: ரொம்ப நல்லவர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர், குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர். அதை எழுதிக்கொள்வதுபோல் பேனாவை அசைத்துக்கொண்டிருப்பேன். அப்புறம் சின்னச் சின்னதாகக் கேட்க ஆரம்பிப்பேன். "வீட்டைப் பூட்டினால் எப்படிப் பூட்டுவார்?" என்று ஒரு வீட்டில் கேட்டேன். ஒரு நொடி அமைதி. மனைவி எழுந்து போய், கதவைப் பூட்டி, மூன்று முறை இழுத்துப் பார்த்து, இரண்டு படி இறங்கி, திரும்ப ஏறி நாலாவது முறையும் இழுத்துக் காட்டினார். நான்கு நாளாகச் சிரிக்காத வீடு சிரித்தது. மூலையில் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்த பேரன், "நாங்க பஸ்ஸை விட்டதே அதனாலதான்" என்றான். அதுவரை அவன் வாயைத் திறக்கவில்லை.

சிரித்த ஐந்தாவது நிமிடம் அழுவார்கள். அதற்கடுத்த நிமிடம் எத்தனை நாற்காலி சொல்வது என்று சண்டை வரும். புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்கு இது திகைப்பாக இருக்கும், சிலர் "இவர்களுக்குத் துக்கமே இல்லையோ" என்றுகூட நினைப்பார்கள். மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் என்ற இரு ஆய்வாளர்கள் 1999இல் எழுதியது இதைத்தான்: துக்கத்தில் இருப்பவர்கள் இழப்பின் பக்கமும் அன்றாட வாழ்வின் பக்கமும் மாறி மாறிப் போய் வருவார்கள். நாற்காலிக் கணக்கு அந்தப் போக்குவரத்தில் ஒரு பகுதி. எலிசபெத் கூப்ளர் ரோஸ் 1969இல் சொன்ன ஐந்து கட்டங்களைத்தான் (மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு) ஊரே மனப்பாடமாக வைத்திருக்கிறது. அது சாவை எதிர்நோக்கி இருந்த நோயாளிகளிடம் பேசியதிலிருந்து வந்தது. "எனக்கு இன்னும் கோபமே வரலையே, சார்" என்று கவலைப்பட்ட ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவருக்குப் பெரிய நிம்மதி.

காதைத் தீட்டிக்கொள்ள வேண்டிய இன்னொரு இடம், சாவுக்கு அந்த வீடு பயன்படுத்தும் சொல். "தவறிட்டார்" என்கிறார்களா, "போயிட்டார்" என்கிறார்களா, "காலமானார்" என்கிறார்களா? அவர்கள் சொல்லையே நானும் எடுத்துக்கொள்வேன். கூட்டத்தில் சின்னக் குழந்தைகள் இருந்தால் மட்டும் "இறந்துவிட்டார்" என்று ஒருமுறையாவது நேராகச் சொல்லிவிடுவேன். "தூங்குகிறார்" என்று கேட்ட குழந்தை அன்றிரவு தூங்கப் பயப்படும். தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவர் என்றால், அதைச் சொல்வதா வேண்டாமா என்று குடும்பம் முடிவு செய்யும். சொன்னாலும் எப்படி என்ற விவரத்துக்குள் போகவே மாட்டேன். வினைமுற்றும் முக்கியம்: சிலர் இறந்தவரைப் பற்றி இன்னும் "சொல்வார்" என்றே பேசுவார்கள், "சொன்னார்" என்று வராது. அதைத் திருத்தக் கூடாது.

எழுதிய உரையை முன்னதாகவே வீட்டுக்கு அனுப்புவேன். பெயர்கள், வரிசை, வயது எல்லாம் அவர்கள் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் அச்சு.

குறை என்று பார்த்தால், நான் அந்நியன். செத்தவரை ஒரு நாளும் பார்த்ததில்லை. அதை மறைத்து "எனக்கு அவரை நன்றாகத் தெரியும்" என்கிற தொனியில் பேசும் நடத்துநர்களும் இருக்கிறார்கள். கேட்கவே கூச்சமாக இருக்கும். ஒரே நாளில் மூன்று நான்கு நிகழ்வு எடுப்பவரிடம் ஒரே உரை பெயர் மாறி வரவும் வாய்ப்புண்டு. ஒருவரை அமர்த்துமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: வீட்டில் எவ்வளவு நேரம் உட்காருவீர்கள், எழுதியதை முன்னாடியே காட்டுவீர்களா? இழுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

மற்ற வழிகள்

மைக்கைத் திறந்து வைத்துவிட்டு, விருப்பமுள்ளவர்கள் வந்து பேசட்டும் என்பது ஒன்று. முதல் இரண்டு நிமிடம் யாரும் வரமாட்டார்கள். பிறகு வருபவரில் மூன்றாவது ஆள் நிறுத்தமாட்டார். எரியூட்டு மையங்கள் பலவற்றில் ஒரு நிகழ்வுக்கு அரை மணியிலிருந்து முக்கால் மணிதான் தருகிறார்கள், உள்ளே வந்து உட்காருவதும் வெளியேறுவதும் அதற்குள்ளேதான். நிதானமாகப் பேசினால் என் கணக்கில் நிமிடத்துக்கு 80, 90 சொல். 10 நிமிட உரை என்றால் 900 சொல்லைத் தாண்டக் கூடாது. கடிகாரம் இல்லாத பின்னொரு நாள் கூடலுக்குத் திறந்த மைக் அருமையான ஏற்பாடு.

மதகுரு: நம்பிக்கையுள்ள குடும்பத்துக்கு நான் அவருக்கு ஈடாக மாட்டேன். சிறு வயதிலிருந்து காதில் விழுந்த சொற்கள், சொந்தச் சொல் வராத நேரத்தில் தாங்கும். இரண்டும் கலந்து வேண்டுமென்றால் பொதுவான நடத்துநர்கள் பிரார்த்தனைக்கு இடம் தருவார்கள். மதம் சாராத மனிதநேயவாத அமைப்புகளின் நடத்துநர்கள் மதப் பகுதி எதையும் தாங்களே நடத்தமாட்டார்கள். அவரவர் மனதுக்குள் வேண்டிக்கொள்ளச் சற்று நேரம் அமைதி கொடுப்பார்கள்.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் எழுதி வாங்கியதையும் இப்போது கொண்டுவருகிறார்கள். வழவழவென்று இருக்கும். பெயரை அழித்துவிட்டு அடுத்த வீட்டுக்கும் கொடுக்கலாம்.

நான் சொல்லும் ஏற்பாடு

பெரும்பாலான வீடுகளுக்கு நான் சொல்வது: வாழ்க்கைக் கதையின் பெரும்பகுதியை நான் எழுதிச் சொல்கிறேன், உங்களில் ஒருவர் மூன்று நிமிடம் ஒரே ஒரு நினைவைப் பற்றிப் பேசுங்கள். மூன்று நிமிடத்தை யாராலும் தாங்க முடியும். குழந்தையின் இறப்பு, திடீர்ச் சாவு, குடும்பத்துக்குள் பேச்சுவார்த்தை இல்லாத வீடு, பலரைக் காயப்படுத்திவிட்டுப் போன மனிதர் என்றால் முழுவதையும் வெளியாளிடம் விடுங்கள். கடைசி வகையில் புகழ வேண்டியதில்லை. "எளிதான மனிதர் இல்லை" என்று ஒரு வரி சொன்னாலே அங்கே பலர் மூச்சு விடுவார்கள்.

நிகழ்வு முடிந்த பிறகு ஒருமுறை ஃபோன் செய்வேன். அதற்குமேல் என் எல்லை இல்லை, நான் மனநல ஆலோசகர் அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் ஆறு மாதத்துக்கும், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2022ஆம் ஆண்டுக் கையேட்டில் பெரியவர்களுக்கு ஒரு வருடத்துக்கும் மேலாக அன்றாடத்தையே முடக்கிப் போடும் துக்கத்துக்குத் தனிப் பெயர் உண்டு, சிகிச்சையும் உண்டு. அப்படிப் பட்டால் மருத்துவரிடம் அனுப்பிவிடுவேன்.

நான் தேவையே இல்லாத வீடுகளும் உண்டு. நாலு பிள்ளைகள் உட்கார்ந்து, ஆளுக்கொரு பத்து வருடம் என்று அம்மாவின் வாழ்க்கையைப் பிரித்துக்கொண்டார்கள். கடைசிப் பகுதி 11 வயதுப் பேத்திக்கு. அன்று நான் செய்தது, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டதும், அவள் முறை வந்தபோது மைக்கின் உயரத்தைக் குறைத்ததும்தான்.