ஐந்து டாலர் கொட்டகைப் படத்துக்கு இன்று யார் விலை சொல்வது?

வெர்மான்ட் மாநிலத்து விவசாயக் கொட்டகை ஒன்று, பக்கத்தில் பிர்ச் மரங்கள், படத்துக்குக் கீழே பென்சிலில் 'லூயிஜி லூசியோனி' என்று ஓர் அமெரிக்க ஓவியரின் கையெழுத்து. அமெரிக்காவில் பழைய வீடுகளைக் காலி செய்து விற்கும் எஸ்டேட் சேல்களில் எட்சிங் எனப்படும் அச்சோவியம் இப்படி ஒன்று அகப்படுவது அதிசயமில்லை. கைக்கு வந்ததும் எழும் கேள்வி, இது எவ்வளவு பெறும், யாரிடம் கேட்பது என்பதுதான். ஏலக் கம்பெனி, அச்சோவிய டீலர், கட்டணம் வாங்கும் மதிப்பீட்டாளர், இணையத்தில் பழைய ஏல விலைகளைத் தேடும் நாமே என நான்கு வழிகள் உண்டு. நான்கிலும் நான்கு தொகை வரும். ஒருவரும் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள்.

என் ஓட்டு முதலில் நமக்கே. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும். எட்சிங் என்பது செப்புத் தகட்டில் அமிலம் அரித்த கோடுகளில் மையை நிரப்பி, ஈரத் தாளை அதன்மேல் வைத்து அழுத்தி எடுப்பது. அதனால் தகட்டின் விளிம்பு தாளில் பள்ளமாகப் பதிந்திருக்கும். பக்கவாட்டில் விளக்கடித்தால் கோடுகள்மீது மை லேசாகப் புடைத்துத் தெரியும். லென்ஸில் ஒரே சீரான புள்ளிக் கூட்டம் தெரிந்தால் அது ஆப்செட் இயந்திரத்தில் அச்சடித்த நகல், மேற்கொண்டு யாருக்கும் பணம் கட்ட வேண்டாம். விளிம்புப் பள்ளத்தை மட்டும் நம்பியும் ஏமாறக் கூடாது. நகலிலும் பொய்யாக ஒரு பள்ளத்தை அழுத்திவிட முடியும்.

அப்புறம், 250 படிகளில் 35-ஆவது என்பதைக் காட்ட '35/250' என்று எண் போடவில்லையே என்று பலர் பதறுவார்கள். 1934-இல் ரீவ்ஸ் லெவென்தால் நியூயார்க்கில் தொடங்கிய அசோசியேட்டட் அமெரிக்கன் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற நிறுவனம், பொருளாதாரப் பெருமந்த காலத்தில் ஓவியர்களின் கையெழுத்திட்ட அச்சோவியங்களை ஆளுக்கொன்று வாங்கட்டும் என்று 5 டாலருக்கு விற்றது. பெரும்பாலும் 250 படிகள் அளவில் அச்சிட்டார்கள், வழக்கமாக எண் போடவில்லை. லூசியோனியும் அவர்களுக்கு எட்சிங் செய்தவர். ஆகவே எண் இல்லாதது குறையே அல்ல. ஓரத்தை வெட்டிச் சட்டத்துக்குள் திணித்ததும், சட்டத்துக்குள் வைத்த அமிலம் கலந்த அட்டை பட்டுத் தாள் பழுப்பேறியதும்தான் உண்மையான குறைகள். விலை அங்கேதான் விழுகிறது.

சரி, வெளியே போவோம். ஏலக் கம்பெனி இலவசமாகவே மதிப்புச் சொல்லும், ஏனென்றால் சரக்கு அதற்கு வேண்டும். சொல்லும் தொகை சற்றுக் குறைவாகவே இருக்கும். அப்போதுதான் ஏலம் சூடுபிடிக்கும். சுத்தியல் விழும் விலைக்கு, அதாவது ஏலம் முடியும் விலைக்கு, மேல் வாங்குபவரிடம் பிரீமியம் என்று ஒரு கூடுதல் கட்டணம், விற்பவரிடம் ஒரு கமிஷன் என இரு பக்கமும் கை வைப்பார்கள். இணையத்தில் விலை தேடும்போதும் இதைக் கவனிக்க வேண்டும். ஓர் இடத்தில் பிரீமியம் சேர்த்த விலை, இன்னோர் இடத்தில் சுத்தியல் விலை மட்டும். சில நூறு டாலர் பெறும் கொட்டகைப் படத்தைப் பெரிய கம்பெனிகள் தனியாக ஏலத்தில் வைக்கத் தயங்கவும் செய்யும்.

டீலர் கதை வேறு. அமெரிக்க அச்சோவியங்களில் பழகிய டீலர் ஒரு பார்வையில் தாளையும் மையையும் படித்துவிடுவார். அறிவில் இவருக்குத்தான் முதலிடம். ஆனால் அவர் வாங்கவும் நினைக்கிறார் என்றால், அவர் சொல்வது கடை விலை இல்லை, கொள்முதல் விலை. இரண்டும் வெகுதூரம். 'வாங்க மாட்டீர்கள் என்றால் என்ன சொல்வீர்கள்?' என்று கேட்டுப் பார்க்கலாம். பதிலைவிட முகம் நிறையச் சொல்லும்.

காசு வாங்கும் மதிப்பீட்டாளர் எழுத்தில் அறிக்கை தருவார். காப்பீட்டுக்கு, பாகப் பிரிவினைக்கு, வரிக்கு இதுதான் செல்லும். அமெரிக்காவில் 5,000 டாலருக்கு மேல் மதிப்புள்ள கலைப்பொருளைத் தானம் செய்து வரிக்கழிவு கேட்டால், தகுதியுள்ளவரின் மதிப்பீடு கட்டாயம். படத்தின் மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் கேட்பவரிடம் போகவே கூடாது. அவர்களின் தொழில் விதிகளே அதைத் தடுக்கின்றன. சில நூறு டாலர் எட்சிங்குக்கு இவர் வேண்டவே வேண்டாம், கட்டணமே படத்தின் விலையைத் தின்றுவிடும்.

கையெழுத்து பெயர்பெற்ற அமெரிக்க ஓவியர்களான தாமஸ் ஹார்ட் பென்டன் அல்லது கிராண்ட் வுட் என்றிருந்தால் மட்டும் கணக்கு மாறும். வயலையும் வைக்கோலையும் வரைந்த அவர்களின் அச்சுகள் பெரும்பாலும் எட்சிங் அல்ல, கல்லச்சு என்கிற லித்தோகிராஃப். தகட்டுப் பள்ளத்தைத் தேடினால் கிடைக்காது. வுட் 1939-இல் செய்த 'சல்ட்ரி நைட்' படத்தில் ஒரு விவசாயி நிர்வாணமாகக் குளிக்கிறார் என்று தபால் துறை அதை அனுப்ப மறுத்தது. அதனால் 250 படிகள் போட வேண்டிய இடத்தில் 100 படிகளோடு நின்றுபோனது. அப்படி ஒன்று கையில் கிடைத்தால் நான் யோசிக்காமல் மதிப்பீட்டாளருக்குக் காசு கட்டுவேன். கொட்டகைக்கு லென்ஸும் ஒரு டீலரும் போதும்.