நிப்பிள் டிரிங்கர்: தர்மபுரி போர் தண்ணீருக்குத் தாங்குமா?

பாலக்கோடு, அரூர், ஊத்தங்கரைப் பக்கம் 5,000 கோழி ஷெட் வைத்திருப்பவர்கள் மணி வடிவில் தொங்கும் தண்ணீர்த் தொட்டியான பெல் டிரிங்கரைக் கழற்றிவிட்டு, கோழி கொத்தினால் சொட்டும் முனைகள் (நிப்பிள்) கொண்ட குழாயான நிப்பிள் லைன் போடலாமா என்று யோசிக்கிறார்கள். போடலாம். ஆனால் லைனுக்கு விலை கேட்கும் முன் உங்கள் போர் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள்.

பெல் டிரிங்கர் 80 கோழிக்கு ஒன்று என்றால் அறுபதுக்கு மேல் தேவை. தினம் இரண்டு வேளை அத்தனையையும் கழுவ வேண்டும். கோழி இடித்துச் சிந்தும் தண்ணீர் ஷெட் தரையில் பரப்பிய மஞ்சியில் இறங்குகிறது. ஈர மஞ்சி கட்டி தட்டும், அம்மோனியா கண்ணைக் கரிக்கும், பாதம் புண்ணாகும், ரத்தக் கழிச்சலுக்கும் வழி விடும். நிப்பிள் லைனின் முதல் ஆதாயம் மஞ்சி காய்ந்து கிடப்பதுதான். கழுவும் கூலி மிச்சமாவது அடுத்தது.

நிப்பிளுக்கு 10 கோழி, 3 மீட்டர் குழாய்க்கு 12 நிப்பிள் என்று வைத்தால் 42 குழாய் வரும். 25 அடி அகல ஷெட்டில் இரண்டு வரிசை போதும். கடையில் நிப்பிள் விலையை மட்டும் சொல்வார்கள். அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர், ஃபில்டர், லைனை ஏற்றி இறக்கும் வின்ச், கம்பி எல்லாம் சேர்த்து விலை கேளுங்கள். ரெகுலேட்டர் இல்லாமல் மேல்தொட்டியிலிருந்து நேராக இழுத்தால் அழுத்தம் கூடி எல்லா நிப்பிளும் ஒழுகும். அதற்குப் பெல் டிரிங்கரே மேல். நிப்பிள் முனையில் கோழி தட்டும் பின்னை மேலே மட்டும் தள்ளும் வகை வேண்டாம். எந்தப் பக்கம் தட்டினாலும் தண்ணீர் விடும் 360 டிகிரி வகைதான் குஞ்சுக்கு ஏற்றது.

இனி நம் ஊர்ப் பிரச்சினை. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத் தண்ணீரில் ஃப்ளோரைடு இருப்பது ஊரறிந்தது. ஆனால் நிப்பிளை அடைப்பது அதுவல்ல, கடினத் தண்ணீரின் சுண்ணாம்பு. பின்னில் வெள்ளையாகப் படிந்தால் ஒன்று ஒழுகும், இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும். ஃபில்டர் மணலைத்தான் நிறுத்தும், கரைந்த உப்பை நிறுத்தாது. ஒவ்வொரு பேட்ச் கோழி பிடித்த பிறகும், லிட்டருக்கு 10 முதல் 20 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து லைனை நிரப்பி, இரவு முழுக்க விட்டு, மறுநாள் அலசி விடுங்கள். பிளீச்சிங் பவுடரோடு மட்டும் கலக்கவே கூடாது, விஷவாயு கிளம்பும். தண்ணீரில் கொடுக்கும் தடுப்பூசிக்குச் சேர்க்கும் பால் பவுடரும் வைட்டமினும் குழாய்க்குள் வழவழவென்று படியும். அன்றே அலசாவிட்டால் அடுத்த வாரம் அழுக்கு கோழியின் வாய்க்குத்தான் போகும்.

அடைத்த நிப்பிள் வெளியே தெரியாது, பெரிய குறை அதுதான். அளவு குவளையை வைத்து ஒரு நிமிடம் பின்னை அழுத்திப் பிடியுங்கள். வயதை வாரத்தில் எடுத்து 7-ஆல் பெருக்கி 20 கூட்டினால் வர வேண்டிய மில்லி லிட்டர் கிடைக்கும். ஐந்தாம் வாரத்தில் 55. லைனின் முதல், நடு, கடைசி என மூன்று இடத்தில் பாருங்கள். கடைசியில் மட்டும் குறைந்தால் குழாய் தொய்ந்து காற்று அடைத்திருக்கலாம்.

முதல் நாள் நிப்பிள் குஞ்சின் கண் மட்டத்தில் இருக்கட்டும். அதன் பிறகு கழுத்தை நீட்டிக் குடிக்கும் உயரத்துக்கு வின்ச்சில் ஏற்றிக்கொண்டே வாருங்கள். தாழ்ந்தால் ஈரம், உயர்ந்தால் எடை குறையும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே குழாய்த் தண்ணீர் சுடும், கோழி குடிக்காது. மதியம் இரண்டு முறை லைனைத் திறந்து விடுங்கள். ஓசூர்ப் பக்கம் இந்தத் தொல்லை குறைவு.

பணக் கணக்கு இது: 5,000 கோழி, 2.2 கிலோ சராசரி, 11,000 கிலோ. எஃப்சிஆர் (ஒரு கிலோ எடைக்குச் செலவாகும் தீவனம்) 1.65-லிருந்து 1.60 ஆனால் 550 கிலோ தீவனம் மிச்சம், 50 கிலோ மூட்டையில் பதினொன்று. சொந்த வளர்ப்பில் அது முழுக்க உங்களுக்கு. ஒப்பந்த வளர்ப்பில் தீவனம் கம்பெனியுடையது. வளர்ப்புக் கூலியில் எஃப்சிஆர் ஊக்கத்தொகை எவ்வளவு என்று எழுத்தில் பார்க்காமல் லைன் போட்டால், முதல் போட்டவர் நீங்கள், மிச்சம் அவர்களுக்கு.

போடுபவர்கள் உதிரியாக 25 நிப்பிளும் ஒரு ரெகுலேட்டர் டயாஃப்ரமும் ஷெட்டிலேயே வைத்திருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒழுகினால் நாமக்கல் வரை ஓட முடியாது.